கை அறிந்ததும் வாய் சொன்னதும்

நாரிப்பிடிப்பு உயிரை எடுப்பதில்லை, மானத்தை எடுத்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாதத்தில், கனடாவிலே ரொறன்ரோ மாநகரின் ஸ்காபரோப் பகுதியில் என் தமக்கையார் வீட்டில் விருந்தினனாகத் தங்கியிருந்தபோது இவ்வுண்மையை அநுபவித்து அறிந்தேன். இரவெல்லாம் பெய்த பனி வாசலை மூடிக் கிடந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியனாயினும் ஓய்ந்துபோனவன் அல்லன் என்பதை இளையவர்களுக்குக் காட்டும் ஆசை யாரை விட்டது? அகன்ற தகட்டுக் கருவியொன்றை எடுத்துப் பனியை வாரி எறியத் தொடங்கினேன். ஏழாவது வாரலிலோ எட்டாவதிலோ நாரியில் யாரோ கத்தி செருகினாற் போலிருந்தது. குனிந்தவன் குனிந்தபடியே நின்றேன். என்னை உள்ளே கொண்டு செல்ல மூவர் வேண்டியிருந்தது.

குடும்ப வைத்தியர் ஐந்து நிமிடம் பார்த்தார். நோவு குறைக்கும் குளிகை எழுதித் தந்தார். சில வாரங்களில் தானே மாறிவிடும் என்றார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை என்பது இன்று எனக்குத் தெரியும். ஆயினும் நோவில் துடிப்பவனுக்குச் 'சில வாரங்கள்' என்ற சொல் ஆறுதல் தருமா? மூன்றாம் நாள் அத்தான் என்னைத் தம் காரில் ஏற்றி, தமிழ்க் கடைகள் நிறைந்த ஒரு தெருவிலே இருந்த 'கைரோபிராக்டர்' ஒருவரிடம் கூட்டிச் சென்றார். மருந்தும் சத்திர சிகிச்சையும் இன்றி, முள்ளந்தண்டைக் கைகளால் அழுத்தியும் திருகியும் நோய் தீர்ப்பவர்கள் அப்பெயருடையோர். அந்நாட்டிலே சட்டப்படி பதிவு பெற்றுத் தொழில் நடத்துபவர்கள். ஒன்ராறியோ மாகாணத்தில் 'டொக்டர்' என்று போட்டுக்கொள்ளும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. 2004ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து மாகாண அரசின் வைத்தியக் காப்புறுதி அவர்களுக்குப் பணம் கொடுப்பதில்லை என்பதை அத்தான் வழியிலே ஒரு பெருமூச்சுடன் தெரிவித்தார்.

அவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க வெள்ளையர். அரை மணிநேரம் என்னோடிருந்தார். எப்போது பிடித்தது, எப்படி நித்திரை கொள்கிறேன், பள்ளிக்கூடத்தில் எத்தனை ஆண்டுகள் நின்றுகொண்டே படிப்பித்தேன் என்றெல்லாம் கேட்டார். பின்னர் என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஒரு கையைத் தோளிலும் மறு கையை நாரியிலும் வைத்து, ஒரு நொடியில் ஓர் உந்து உந்தினார். நெட்டி முறித்தாற் போன்ற ஓசை எழுந்தது. எழுந்து நின்றேன். நிற்க முடிந்தது! மூன்று நாட்களுக்குப் பின்பு மனிதனைப் போல் நின்றேன்.

நான் மேற்சட்டையை மாட்டிக்கொண்டிருக்கையில் அவர் பேசத் தொடங்கினார். அரை மணிக்கொருமுறை கதிரையை விட்டு எழவேண்டும், ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கிடையே தலையணை வைக்கவேண்டும், நடக்கவேண்டும். இவை நல்ல வார்த்தைகள். பின் சீனி நஞ்சு என்றார். தீட்டிய வெள்ளரிசியை விடும்படி சொன்னார். நாம் உண்ணும் உணவிலே சத்து அற்றுவிட்டது. ஆகவே குளிகையாக எடுத்தாலன்றித் தேறமாட்டோம் என்றார். வைத்திய ஆராய்ச்சி என்பதெல்லாம் மருந்துக் கம்பெனிகளின் பணத்தில் நடப்பது. அதனை நம்புவதற்கில்லை என்றார். நான் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தேன். அன்று அவர் காகம் வெள்ளை என்றிருந்தாலும் தலையசைத்திருப்பேன். என் நாரிக்கல்லவா அது தெரியும்!

வீட்டுக்கு வந்து நடந்ததைக் கதை கதையாகச் சொன்னேன். இரண்டு மாதக் குழந்தையை மடியில் வைத்திருந்த என் தமக்கையின் மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "மாமா, அடுத்தமுறை போகேக்கை அவரை ஒருக்காக் கேளுங்கோவன், பிள்ளைக்குத் தடுப்பூசி போடலாமோ எண்டு. வேலையிலை சிலபேர் போடவேண்டாம் எண்டு சொல்லினம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாரியைப் பிடித்துவிட்டவரிடம் நெருப்பு இருமலைப் பற்றியும் சின்னமுத்தைப் பற்றியும் ஏன் கேட்கவேண்டும்? ஆனால் அவரிடம் அரிசியைப் பற்றியும் ஆராய்ச்சியைப் பற்றியும் கேட்டுத் தலையசைத்துவிட்டு வந்தவன் நான்தானே. கை பெற்ற நம்பிக்கையை வாய் எப்படிச் செலவழிக்கிறது என்னும் இக்கேள்வியே என்னை அத்தொழிலின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தூண்டியது. விந்தை என்னவென்றால், அவ்வரலாற்றின் மூலவர் பிறந்த இடம் ஸ்காபரோவுக்கு அடுத்த பிக்கரிங். இன்று எம்மவர் ஏராளமாகக் குடியேறியிருக்கும் இடம்.

டானியேல் டேவிட் பாமர் என்பது அவர் பெயர். (பெயரை நம் எழுத்தில் எழுதும்போது விழும் சிலேடைக்கு நான் பொறுப்பல்லேன்.) 1845இல் பிறந்து, இருபது வயதிலே ஐக்கிய அமெரிக்காவுக்குப் போனவர். பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார், தேனீ வளர்த்தார், பலசரக்குக் கடை வைத்தார், தங்கமீன் விற்றார். கடைசியில், உடலிலுள்ள காந்த சக்தியாற் பிணி தீர்ப்பவராக அயோவா மாநிலத்து டாவன்போர்ட் நகரிற் கடை விரித்தார். அவருடைய அறைகள் இருந்த கட்டடத்தைத் துப்புரவு செய்பவர் ஹாவி லில்லார்ட் என்னும் கறுப்பினத்தவர். பதினேழு ஆண்டுகளாக அவருக்குக் காது கேளாது. குனிந்து வேலை செய்தபோது முதுகில் ஏதோ நழுவியதாகவும் அதன் பின்னரே செவிடானதாகவும் அவர் சொல்ல, பாமர் அவர் முதுகைத் தடவிப் பார்த்து, துருத்தி நின்ற முள்ளென்பு ஒன்றைத் தள்ளி இருத்தினாராம். லில்லார்ட்டுக்குத் தெருவில் ஓடும் வண்டியின் ஓசை கேட்டதாம். 1895 செப்டெம்பர் 18ஆம் நாள் இது நிகழ்ந்ததெனக் கொண்டு, அத்தொழிலினர் அந்நாளைத் தம் தொழிலின் பிறந்தநாளாகக் கொண்டாடுவர். லில்லார்ட்டின் மகள் பிற்காலத்திற் சொன்ன கதை வேறு: தந்தையார் நண்பரோடு பகிடி பேசிச் சிரித்துக்கொண்டிருந்தபோது பாமரும் வந்து கலந்து, கையிலிருந்த புத்தகத்தால் அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார், சில நாட்களின் பின் காது சற்றுத் தெளிவதாகத் தோன்றியது என்பது அக்கதை.

எது உண்மையாயினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. செவிப்புலனுக்குரிய நரம்பு உட்செவியிலிருந்து புறப்பட்டு மண்டையோட்டுக்குள்ளேயே மூளைத்தண்டை அடைவது. அது முள்ளந்தண்டு வழியே வருவதே இல்லை. முதுகென்பு எவ்வளவு துருத்தினாலும் அந்நரம்பை நசுக்க வழியில்லை. மாணவர்கள் உடற்றொழிலியற் பாடத்திற் படிக்கும் இச்சிறு செய்தி பாமரைத் தடுத்துவிடவில்லை. ஒரு செவிடு தீர்ந்தது. அடுத்து ஓர் இருதய நோயாளியும் தேறினார் என்றார். பிறகு எல்லா நோய்க்கும் கதவு திறந்துவிட்டது. கையாற் செய்வது என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களை இணைத்துச் சாமுவேல் வீட் என்னும் போதகர் பெயர் சூட்ட, 1897இல் பாடசாலையும் எழுந்தது. இயற்கையான 'உள்ளறிவு' ஒன்று நரம்புகளின் வழியே உடலெங்கும் ஓடுகிறது. இடம் பெயர்ந்த முள்ளென்பு அதன் ஓட்டத்தைத் தடுக்கிறது. 100 நோயில் 95க்குக் காரணம் இதுவே என்று 1910இல் வெளிவந்த தம் பெருநூலிலே எழுதினார் பாமர். எஞ்சிய ஐந்துக்கும் மற்றைய மூட்டுக்களே காரணமாம்! அம்மைப்பால் குத்துவதை அவர் வெறுத்தார். அனுமதிப் பத்திரமின்றி வைத்தியம் செய்தாரென 1906இற் சிறை சென்றார். 1913இல் நெருப்புக் காய்ச்சலால் இறந்தார்.

என் இளமையில் எங்கள் ஊரில் நெரிவு முறிவு பார்க்கும் பரியாரியார் ஒருவர் இருந்தார். கை முறிந்து போனாற் பத்துப் போட்டுச் சிம்பு வைத்துக் கட்டுவார். காதுக்குத்து என்று போனால், "அது என்ரை வேலையில்லை" என்று வேறொருவரிடம் அனுப்பிவிடுவார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எலும்பு பொருத்தும் பரம்பரையினர் இவ்வாறே இருந்தனர். பாமரின் கைத்திறன் அவர்களுடைய கைத்திறனின் இனத்தது. அவர் புதிதாகச் சேர்த்தது கைத்திறனையன்று, தத்துவத்தை.

தத்துவத்துக்குச் சந்தை தேடிக் கொடுத்தவர் மகன் பி. ஜே. பாமர். வானொலி அமெரிக்காவிற் பிறந்து தவழ்ந்த காலத்திலேயே, 1922இல், சொந்தமாக நிலையமொன்றை வாங்கிவிட்டார் அவர். (பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியான ரொனால்ட் ரேகன் 1932இல் அறிவிப்பாளராகத் தொழில் தொடங்கியது அந்நிலையத்திலேயே.) 1924இல் முள்ளந்தண்டின் இரு புறத்து வெப்ப வேறுபாட்டைக் காட்டும் கருவியொன்றைக் கொண்டுவந்து, அஃதின்றி எவரும் சரியாகத் தொழில் செய்ய இயலாது என்றார், அதனை விலைக்குக் கொடுக்காமல் வாடகைக்கே கொடுத்தார். அவருடைய ஆசிரியர்களுள் நால்வர் இதனைப் பொறாது வெளியேறி, 1926இல் இண்டியானாபோலிஸ் நகரில் லிங்கன் கல்லூரி என்றொரு தனிக் கல்லூரி தொடங்கினர். இக்கல்லூரியை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

உணவும் உயிர்ச்சத்தும் இத்தொழிலுக்குள் நுழைந்த வழியும் கவனிக்கத்தக்கது. தந்தை பாமரின் கொள்கைப்படி நோயின் வேர் முள்ளென்பு. அதனை இருத்திவிட்டால் உள்ளறிவு மற்றதைப் பார்த்துக்கொள்ளும். அப்படியாயின் அரிசி தீட்டியதா தீட்டாததா என்ற ஆராய்ச்சி எதற்கு? கொள்கையில் உறுதியானோர் 'நேரியர்' எனப்பட்டனர். அவர்கள் முள்ளந்தண்டன்றி வேறெதையும் தொடமாட்டார்கள். உணவு, ஒற்றடம், மின்சாரம், தேகாப்பியாசம் எல்லாவற்றையும் கலந்து செய்தோர் 'கலப்பியர்' எனப் பழிக்கப்பட்டனர். கலப்பியரே பெருகினர். அறிவு வளர்ச்சியும் அதற்கு ஒரு காரணம்; வயிற்றுப்பாடு மற்றொரு காரணம் என்பது என் கருத்து. நாரிப்பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே மாறிவிடுவது. மாறியவன் மீண்டும் வரமாட்டான். அவன் மாதாமாதம் வரவேண்டுமாயின் அவனுக்கு நோவில்லாதபோதும் ஏதோ குறை இருக்கவேண்டும். அந்தக் குறை தீர ஒரு போத்தலும் இருக்கவேண்டும்.

இவ்வளவும் படித்தபோது அத்தொழிலைப் பற்றி எனக்கு ஏளனமே எழுந்தது. அவ்வேளையிலேதான் சாமுவேல் ஹொமோலா என்பவரைச் சந்தித்தேன், நூல் வாயிலாக. தந்தையும் கைரோபிராக்டர், மகனும் கைரோபிராக்டர். நாம் குறித்து வைத்த லிங்கன் கல்லூரியில் 1956இற் பட்டம் பெற்று, புளொரிடா மாநிலத்துப் பனாமா சிற்றியிலே தொழில் நடத்தியவர். 1963இல் அவர் ஒரு நூல் எழுதினார். நோய்க்கெல்லாம் முள்ளென்பே மூலம் என்பது விஞ்ஞானமன்று, மத நம்பிக்கை போன்றது, அதனைக் கைவிடுவோம், முதுகு நோவையும் அதையொத்த தசை மூட்டுக் கோளாறுகளையும் மட்டும் பார்ப்போம், அதிலே நம் கை உண்மையாகவே பயன்படுகிறது என்பது அந்நூலின் வாதம். தன் தொழிலின் வயலை நூற்றில் ஒரு பங்காகச் சுருக்கச் சொல்லும் ஒருவனைத் தொழிலினர் எப்படி நடத்துவர்? அவருக்குத் தம் தொழிற் சங்கத்தில் இடமில்லாமற் போயிற்று. 1991இலேதான் மீள வரவேற்கப்பட்டார். அந்நூலுக்கு அத்தொழிலின் ஏடொன்றில் மதிப்புரை வெளிவர 31 ஆண்டுகள் சென்றன. நம்மவருள் மதிப்புரை தாமதமாவதாகக் குறைப்படும் எழுத்தாளர்கள் இதனை எண்ணி ஆறுதலடைவார்களாக.

வெளியே இருந்தும் அவருக்குத் துணையில்லை. அதே 1963இல் அமெரிக்க வைத்திய சங்கம் போலி வைத்தியத்தை எதிர்க்கவென ஒரு குழுவை அமைத்தது. அதன் முதற் குறி கைரோபிராக்டிக். ஒரு வைத்தியர் கைரோபிராக்டரோடு தொழில்முறையிற் சேர்ந்து பணியாற்றுவதே ஒழுக்கக்கேடு எனச் சங்கம் வைத்திருந்தது. ஆக, நாரியை மட்டும் பார்க்கிறேன் என்று சொன்ன நேர்மையாளனும், புற்றுநோயைத் தீர்க்கிறேன் என்று சொன்ன புரட்டனும் ஒரே கழியால் அடிக்கப்பட்டனர். செஸ்டர் வில்க் என்பாரும் வேறு சிலரும் 1976இல் வழக்குத் தொடுத்தனர். 1987இல் நீதிபதி சூசன் கெட்செண்டானர், அத்தொழிலை ஒழித்துக்கட்டச் சங்கம் சட்டவிரோதமாகக் கூட்டுச் சதி செய்தது எனத் தீர்ப்பளித்தார். 1990இல் மேல் நீதிமன்றமும் அதனை உறுதிப்படுத்தியது. வழக்கு வர்த்தகப் போட்டிச் சட்டத்தின் கீழ் நடந்தது என்பதை நாம் மறத்தலாகாது. நீதிமன்றத்தில் வென்றுவிட்டமையால் முள்ளென்பு காதைத் திறக்கும் என்பது நிரூபணமாகிவிடாது. இவ்வேறுபாட்டை அத்தொழிலின் விளம்பரக்காரர் பலர் மறந்துவிட்டனர்.

அப்படியானால் எதனால் நிரூபணமாகும்? என்னை நிமிர்த்தி வைத்தவர் நம்பாதே என்று சொன்ன அந்த ஆராய்ச்சியால்தான். அமெரிக்காவின் நியூ இங்கிலண்ட் வைத்திய சஞ்சிகை 1998 ஒக்டோபர் மாதத்து ஓர் இதழில் இரு ஆய்வுகளை அடுத்தடுத்து வெளியிட்டது. முதலாவது, கனடாவில் ஆஸ்துமா என்னும் தொய்வு நோயுள்ள 91 பிள்ளைகளைப் பற்றியது. ஆய்வாளருட் கைரோபிராக்டர்களும் இருந்தனர். பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரு பகுதியாக்கி, ஒரு பகுதிக்கு உண்மையான சிகிச்சையும், மறு பகுதிக்கு அதுபோலத் தோன்றும் பாவனைச் சிகிச்சையும் நான்கு மாதம் செய்தனர். எந்தப் பிள்ளைக்கு எது என்பது பெற்றோருக்குத் தெரியாது. முடிவில் இரு பகுதியாருக்கும் இளைப்புக் குறைந்திருந்தது. மருந்தின் தேவையும் குறைந்திருந்தது. இரு பகுதிக்குமிடையே வேற்றுமை இல்லை! உண்மைச் சிகிச்சை பெற்ற பிள்ளைகளின் தாய்மாரை மட்டும் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? "என் பிள்ளைக்குச் சுகமாயிற்று" என்றே சொல்லியிருப்பார்கள். அதிலே பொய்யும் இராது. சுகமானது உண்மை, சுகமாக்கியது எது என்பதே கேள்வி. பரிவோடு தொடும் கையும், கவனிக்கப்படுகிறோம் என்ற எண்ணமும், நோய்க்கு இயல்பாகவே உள்ள ஏற்ற இறக்கமும் சேர்ந்து செய்யும் வேலையை, பாவனைப் பகுதி இல்லாவிடின் நாம் முள்ளென்பின் கணக்கில் எழுதிவிடுவோம்.

இரண்டாவது ஆய்வு என்னைப் போன்ற நாரிக்காரர் 321 பேரைப் பற்றியது. ஒரு பகுதியார் கைரோபிராக்டரிடம் சென்றனர். ஒரு பகுதியார் தேகாப்பியாச முறையிற் சிகிச்சையளிப்போரிடம் சென்றனர். மூன்றாம் பகுதியாருக்கு முதுகு நோவைப் பற்றிய ஒரு சிறு கைந்நூல் மட்டும் கொடுக்கப்பட்டது. முதலிரு பகுதியாரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறினர். கைந்நூல் பெற்றவர்களை விட அவர்கள் தேறியது மிகச் சிறிதளவே. ஈராண்டுச் செலவோ, கைரோபிராக்டரிடம் 429 டொலர், கைந்நூற்காரருக்கு 153 டொலர். ஆனால் இன்னோர் எண் என் மனத்தை நிறுத்திவிட்டது. தமக்குக் கிடைத்த கவனிப்பு நன்று அல்லது மிக நன்று என்று சொன்னவர்கள், கையாற் சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 75 பேரளவினர். கைந்நூல் பெற்றோருள் நூற்றுக்கு 30 பேரளவினரே. முதுகு அறிந்த வேற்றுமை சிறிது. மனம் அறிந்த வேற்றுமை பெரிது. ஐந்து நிமிடம் பார்த்த குடும்ப வைத்தியரையும் அரை மணிநேரம் இருந்த கைரோபிராக்டரையும் எண்ணிக்கொண்டேன்.

ஆராய்ச்சி வைத்தியர்களையும் விட்டு வைத்ததில்லை. என் தந்தையாருக்கு நாரி பிடித்தபோது, ஆஸ்பத்திரி வைத்தியர் அவரை மூன்று வாரம் பலகையிலே படுக்கச் சொன்னார். அக்காலத்து உலகெங்கும் அதுவே விதி. 1995இற் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகர ஊழியரிடையே நடந்த ஓர் ஆய்வில், இரண்டு நாள் படுத்திருந்தோரையும் தனிப் பயிற்சி செய்தோரையும் விட, நோவு பொறுக்கும் அளவில் வழக்கமான வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தோரே விரைவில் தேறினர். பலகை போயிற்று. இந்த விஷயத்தில், நடவுங்கள் என்று சொன்ன என் கைரோபிராக்டர் பழைய வைத்தியரை விடச் சரியாகவே சொன்னார். எந்த ஆராய்ச்சியை அவர் நம்பவில்லையோ அதுவே அவருக்குச் சாட்சி. 2017இல் அமெரிக்க உள்மருத்துவர் கல்லூரி வெளியிட்ட நெறியும், புதிதாக வந்த நாரிநோவுக்கு மாத்திரையை விட ஒற்றடம், உருவல், முள்ளந்தண்டைக் கையாளும் முறை ஆகியவற்றை முதலில் நாடலாம் என்கிறது. கைக்குரிய புகழ் இவ்வளவே. ஆனால் இது குறைவன்று. கழுத்தைத் திடீரெனத் திருகுவது வேறு செய்தி. மூளைக்கு இரத்தங் கொண்டு செல்லும் நாடியின் உட்சுவர் கிழிவது அரிதே ஆயினும், அப்படிக் கிழிந்தோர் கதைகள் வைத்திய ஏடுகளில் உண்டு. கிழியத் தொடங்கிய நாடியின் நோவே அவர்களைக் கைரோபிராக்டரிடம் இட்டுச் சென்றதா என்ற வாதமும் உண்டு. என் கழுத்தை எவருக்கும் கொடுக்க நான் ஆயத்தமில்லை.

இனிப் போத்தல்களுக்கு வருவோம். கரட்டிலும் பச்சை இலைகளிலும் உள்ள பீட்டா கரோட்டின் என்னும் சத்தை மிகுதியாக உண்போருக்குச் சுவாசப்பைப் புற்றுநோய் குறைவாக வருவது முன்பே கவனிக்கப்பட்டிருந்தது. அதனைக் குளிகையாகக் கொடுத்தால் நன்மை மிகும் என எவரும் எண்ணுவர், அறிவாளிகளும் எண்ணினர். பின்லாந்தில் புகை பிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்துச் சோதித்தனர். 1994இல் முடிவு வெளிவந்தது. குளிகை உண்டோருக்குப் புற்றுநோய் குறையவில்லை. நூற்றுக்கு 18 பங்கு கூடியிருந்தது! அமெரிக்காவில் நடந்த இதுபோன்ற இன்னொரு சோதனை 1996இல் இடைநடுவே நிறுத்தப்பட்டது. கரட்டுக் கறியிலிருப்பது வேறு, புகைப்பவன் சுவாசப்பையிலே குளிகையாய் இறங்குவது வேறு. இதனை அறிய இருபத்தொன்பதாயிரம் பேரும் பல ஆண்டுகளும் வேண்டியிருந்தன. சிகிச்சை மேசையருகே நின்று, மேற்சட்டையை மாட்டுபவனிடம் சொல்லும் ஒரு வாக்கியத்தால் அறியக்கூடியதன்று அது. மருந்துக் கம்பெனிகளின் பணம் ஆராய்ச்சியைக் கோணச் செய்வதுண்டு என்பதை நான் மறுக்கமாட்டேன். உயிர்ச்சத்துக் குளிகை செய்வோரும் கம்பெனிக்காரரே என்பதையும் அவர் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

ஹொமோலாவைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டேன். அவர்மீது எனக்கு மதிப்பு மிகுந்துவிட்ட வேளையில் அவருடைய மற்றைய நூல்களின் பட்டியல் கண்ணிற் பட்டது. 1970இல், 'ஒரு கைரோபிராக்டரின் ஆரோக்கிய இரகசியக் கருவூலம்' என்று பொருள்படும் தலைப்பிலே ஒரு நூல்! கொழுப்பைக் கரைக்கும் உணவுமுறை பற்றித் தம் பெயரையே தலைப்பிற் போட்டு இன்னொரு நூல்! எல்லை எது என்று தம் தொழிலுக்கே கோடு கிழித்தவருக்கும், மக்கள் கேட்க விரும்புவதைச் சொல்லாமலிருப்பது எளிதாயிருக்கவில்லை போலும். நோவு தீர்ந்தவன் கேட்கும் கேள்விகள் அத்தகையன. ஆயினும் 1998இல் ஓய்வு பெற்ற மறு ஆண்டே, நல்ல கைரோபிராக்டரை எப்படி அடையாளம் காண்பது, எவரை விட்டு விலகுவது என்று நோயாளருக்கு நேராக எழுதினார். வாழ்வின் இரு முனையிலும் ஒரே சொல்லைச் சொல்லியிருக்கிறார். நடுவிலேதான் சற்றுச் சறுக்கல்.

இச்சறுக்கல் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த வழக்கொன்றைச் சுருக்கமாகக் குறிப்பிடலாம். கைக்குழந்தைகளின் ஓயாத அழுகை, காதுநோய், ஆஸ்துமா முதலியவற்றுக்கும் தம் சிகிச்சை உதவும் என்ற கூற்றுக்கு ஆதாரம் இல்லை என 2008 ஏப்பிரலில் சைமன் சிங் என்னும் விஞ்ஞான எழுத்தாளர் கார்டியன் பத்திரிகையில் எழுத, பிரித்தானியக் கைரோபிராக்டிக் சங்கம் பத்திரிகையை விட்டு அவர்மீது மட்டும் மானநட்ட வழக்குத் தொடர்ந்தது. ஆதாரத்தைக் காட்டுவதற்குப் பதிலாக வழக்கறிஞரைக் காட்டினார்கள். 2010 ஏப்பிரலில் மேல் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் சாய, இரு வாரத்திற் சங்கம் வழக்கை மீட்டுக்கொண்டது. அவ்வழக்கு எழுப்பிய கிளர்ச்சி, 2013இல் அந்நாட்டு மானநட்டச் சட்டம் திருத்தப்படுவதற்கு ஒரு காரணமாயிற்று.

இனி என் மருமகளின் கேள்விக்கு வருகிறேன். இரண்டாம் முறை சென்றபோது, சிகிச்சை முடிந்த பின் அதனைக் கேட்டேன். அரிசிக்கும் சீனிக்கும் ஆராய்ச்சிக்கும் தயங்காத மனிதர் தயங்கினார். கையைத் துடைத்துக்கொண்டே, "அது என் தொழிலின் எல்லைக்கு உட்பட்டதன்று, உங்கள் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள்" என்றார். தடுப்பூசி அவர்களுடைய தொழிலெல்லைக்கு அப்பாற்பட்டது என்பதே ஒன்ராறியோவில் அத்தொழிலை ஒழுங்குபடுத்தும் கல்லூரியின் நிலை என்பதைப் பின்னர் அறிந்தேன். அவர் விதிக்குப் பயந்து சொன்னாரா, மனமறிந்து சொன்னாரா என்பதை அவர் முகத்திற் படிக்க முயன்றேன், முடியவில்லை. எங்கள் ஊர்ப் பரியாரியாரின் குரல் போலவே அது எனக்குக் கேட்டது. அந்த வாரமே குழந்தைக்கு ஊசி போடப்பட்டது, ஓரிரவு சிணுங்கிற்று, மறுநாள் சிரித்தது.

ஆனால் அன்று வாசலருகே கண்ணாடி அலுமாரி ஒன்று இருந்தது. அதில் வரிசை வரிசையாகப் போத்தல்கள். என் நாரி இலேசாக இருந்தது. வெளியே வெயிலும் எறித்தது. பின்லாந்தின் கதையை அப்போதே படித்து முடித்திருந்த நான், இருபத்தெட்டு டொலர் கொடுத்து ஒரு போத்தலை வாங்கிக்கொண்டு வந்தேன். அது இப்போது யாழ்ப்பாணத்தில் என் புத்தக அலுமாரியில் முத்திரை உடையாமல் இருக்கிறது. அக்கா தொலைபேசியில் பேசும்போதெல்லாம், அது முடிந்துவிட்டதா, இன்னொன்று வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்கிறார்.